பிரபஞ்சம் என்னும் சாக்கு

வைட்டிலாப் பேருந்து நிலையத்தில் வந்திறங்கும் தமிழ்நாட்டு ஆய்வு மாணவரின் முதல் தேர்வு ஒரு பெயர்ப்பலகை. மலையாள எழுத்தை அப்படியே தமிழுக்கு மாற்றினால் அவ்வூரின் பெயர் ‘வைற்றில’ என்றாகும். நடுவிலுள்ள ஒலி, நுனிநாக்கு மேல்வாயின் முன்பகுதியைத் தொட்டு எழுவது. யாழ்ப்பாணத்தார் ‘வெற்றி’ என்று சொல்லும்போது இன்றும் கேட்கும் அதே ஒலி. தமிழ்நாட்டார் ‘வைட்டிலா’ என்று எழுதுகிறார்கள். மலையாள எழுத்தைப் பார்த்து எழுதியது அன்று அது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதியது. தமிழுக்கு நெருக்கமான ஓர் எழுத்து கண்ணெதிரே இருக்கையில், தொலைவிலிருந்து வந்த ஒரு பெயர்ப்பு அதை மறைத்துக்கொள்கிறது. ஊர்ப்பெயரில் இது சிறு பிழை. அரூப ஓவியத்தைப் பற்றித் தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்படும் ஆய்வுகளில் இதுவே முறையாகிவிட்டது.

அம்முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வட்டம் இருந்தால் பிரபஞ்சம். கறுப்பு இருந்தால் சூனியம். நீலம் இருந்தால் எல்லையின்மை. புள்ளி இருந்தால் படைப்பின் மூலம். கண்காட்சி அரங்கின் சுவர்க்குறிப்பு இதைச் சொல்கிறது, நாளிதழ் மதிப்புரை அதை எடுத்தாள்கிறது, முனைவர் பட்ட ஆய்வேடு மதிப்புரையை மேற்கோள் காட்டுகிறது. மூன்று படி ஏறிய பிறகு அது ‘முன்னாய்வு’ எனப்படுகிறது. இடையில் ஓவியத்தை யாரேனும் பார்த்தார்களா என்ற கேள்வி மட்டும் கேட்கப்படுவதில்லை. ‘பிரபஞ்சம்’ என்பது இங்கே ஒரு கருத்தாக வேலை செய்வதில்லை. பார்க்காமல் விட்டதற்குச் சொல்லப்படும் சாக்கு அது.

கொச்சியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2014 டிசம்பர் 12 முதல் 2015 மார்ச் 29 வரை நடந்த கொச்சி-முசிறிஸ் பினாலேயின் இரண்டாம் பதிப்பை வடிவமைத்த ஓவியர் ஜிதிஷ் கல்லாட், இரண்டு வரலாறுகளை அடித்தளமாக வைத்தார். ஒன்று, 14ஆம் நூற்றாண்டில் சங்கமகிராம மாதவனிடமிருந்து கிளைத்த கேரள வானியல்-கணிதப் பள்ளி. மற்றொன்று, 1498இல் வாஸ்கோ ட காமா வந்த கடல்வழி. வானத்தைக் கணக்கிட்டவர்களையும் கடலைக் கடந்தவர்களையும் ஒரே கரையில் நிறுத்திய அந்த அடித்தளம் ஆய்வுலகிற்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. இந்தக் கரையில் வானம் எவ்வாறு பார்க்கப்பட்டது, எதில் எழுதப்பட்டது, யார் கையில் இருந்தது என்று கேட்கத் தூண்டிய கண்காட்சி அது. ஆஸ்பின்வால் மாளிகையின் தரையில் அனிஷ் கபூர் அமைத்த நீர்ச்சுழலைக் ‘கருந்துளை’ என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. கீழே இயங்கும் பொறி, அதன் இரைச்சல், சில அடி தொலைவில் கப்பல்கள் செல்லும் காயல்வாய், இவற்றைச் சேர்த்துப் பார்ப்பது கடினம். கடினமானதைச் செய்யத்தான் ஆய்வு இருக்கிறது.

கேரளப் பள்ளியின் வானம் எத்தகையது என்பதிலிருந்து தொடங்கலாம். பரமேச்வரன் பாரதப்புழையின் கரைப்பகுதியில் வாழ்ந்தவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிரகணங்களை உற்றுநோக்கியவர். பழைய கணக்கு ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றைக் காட்டியபோது, அவர் கணக்கைத் திருத்தினார். 1431இல் அவர் எழுதிய நூலின் பெயர் ‘த்ருக்கணிதம்’. ‘த்ருக்’ என்றால் பார்வை; கண்ணால் கண்டதோடு பொருந்தும் கணிதம் என்பது பெயரின் பொருள். இதே சொற்றொடர்தான் தமிழ்நாட்டு வீடுகளில் ‘திருக்கணிதப் பஞ்சாங்கம்’ என்று தொங்குகிறது. தமிழ்க் காது அதில் கேட்பது ‘திரு’: திருக்கோயில், திருவிழா, திருநீறு, திருக்கணிதம். பார்த்தலைக் குறித்த சொல் புனிதத்தைக் குறித்த சொல்லாக மாறிவிட்டது. ஒலி மாற்றம் இயல்பானது; அதில் யாருக்கும் குற்றமில்லை. ஆனால் அரூப ஓவிய விமர்சனத்தில் நடந்திருப்பதும் இதே மாற்றந்தான், அங்கே அது ஒலியில் நிகழவில்லை, சிந்தனையில் நிகழ்ந்தது. ‘த்ருக்’ இருந்த இடத்தில் ‘திரு’ வந்து அமர்ந்துகொண்டது.

அந்த வானம் மௌனமானதும் அன்று. அது சொற்களால் நிரம்பியது. கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒரு சொல்லை எழுதினால் அது ஓர் எண்ணும் ஆகும். சந்திரனின் அன்றாட இருப்பிடத்தைச் சொல்ல 248 வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் பொருளுள்ள சொற்றொடர். ஒவ்வொன்றும் ஒரு கோண அளவு. மாதவன் அவற்றை மேலும் நுட்பமாக்கினார். தமிழ்நாட்டின் ‘வாக்கியப் பஞ்சாங்கம்’ என்ற பெயரிலுள்ள வாக்கியம் இந்த மரபினதுதான். 1825இல் ‘கால சங்கலித’ என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, சொற்களாக மனப்பாடம் செய்திருந்த அட்டவணைகளைக் கொண்டு, அவ்வாண்டு மே 31 - ஜூன் 1 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. எழுதுகோல் இல்லை, தாள் இல்லை. தரையில் சோழிகளின் வரிசையும் வாயில் சொற்களும் மட்டுமே. வானத்திலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து வேறொரு பரப்பில் அடுக்கிய அந்தத் தரைதான், ‘அரூபம்’ என்ற சொல் எதைக் குறிக்கத் தவறுகிறதோ அதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

இந்தப் பின்னணியோடு கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு வரவேண்டும். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. 1957 முதல் 1967 வரை சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வர். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் முதன்மைக் காரணகர்த்தர். 1963இல் அவர் தொடங்கிய அந்த வரிசையில் கட்டங்கள், எண்கள், சோதிடக் குறிகள், சாதகத்தை நினைவூட்டும் அட்டவணைகள், மலையாள எழுத்தைப் போன்ற நெருக்கமான கையெழுத்து ஆகியவை பரப்பெங்கும் நிறைந்திருக்கின்றன. இவற்றின் முன் நின்றுதான் ‘பிரபஞ்ச மௌனம்’ என்ற தொடர் எழுதப்படுகிறது. மௌனமா? சந்தைத் தெருவைப் போல இரையும் பரப்பு அது. ஒரு மூலையில் கணக்கு, மறுமூலையில் கிறுக்கல், நடுவில் கட்டம். மலையாளம் அறியாதவர் அதை வடிவமாகப் பார்க்கிறார். மலையாளம் அறிந்தவர் வாசிக்க முயல்கிறார். பெரும்பகுதி வாசிப்புக்கு இணங்குவதில்லை. எழுத்து போலத் தோன்றி எழுத்தாக மறுக்கும் அந்த இடம் மொழியியலுக்கும் ஓவிய ஆய்வுக்கும் பொதுவான வயல். அதை உழாமல் விட்டுவிட்டு வானத்தை நோக்கிக் கைகூப்புவது சோம்பல்.

இந்த வரிசைக்குத் தூண்டுதல் எது என்று பணிக்கரே பதிவு செய்திருக்கிறார். ஒரு மாணவரின் கணித நோட்டுப் புத்தகம். அதன் பக்கத்தில் கிடந்த எண்கள், ரோமன் எழுத்துகள், வளைந்தும் மடங்கியும் சென்ற கோடுகள். தியானமும் அன்று, நள்ளிரவு வானமும் அன்று. ஒரு நோட்டுப் புத்தகம். எஸ்.எச். ரசாவின் பிந்து ஓவியங்களுக்குச் சொல்லப்படும் கதையும் இதற்கு உறவானது. மத்தியப் பிரதேசச் சிற்றூர்ப் பள்ளியில் மனம் அலைபாய்ந்த சிறுவனுக்கு ஆசிரியர் ஒருவர் சுவரில் ஒரு புள்ளியை இட்டு, அதையே பார்க்கச் சொன்னார். ஒன்று நோட்டு, மற்றது பள்ளிச் சுவர். இந்திய அரூப ஓவியத்தின் ‘பிரபஞ்சம்’ எனப்படும் இரண்டு பெரும் வரிசைகளுக்கும் பின்னால் ஒரு வகுப்பறை இருக்கிறது. பார்க்கப் பழகுதல் என்னும் ஒழுக்கம் இருக்கிறது. அதைச் சொன்னால் ஓவியத்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர், மதிப்பு வேறெங்கோ வானத்தில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள்.

உலகெங்கும் இது பொருந்துகிறது. பிரான்டிசெக் குப்கா 1912ஆம் ஆண்டுவாக்கில் தீட்டிய ‘நியூட்டனின் வட்டுகள்’, நியூட்டனின் நிறச் சக்கரம் என்னும் அறிவியல் வரைபடத்தோடு பேசுகிறது. வீஜா செல்மின்ஸ் தீட்டிய விண்மீன் பரப்புகள் ஒளிப்படங்களைப் பார்த்து வரையப்பட்டவை. ஒவ்வொரு புள்ளியும் கையின் உழைப்பு. வானியலிலிருந்து எடுக்கும் ஓவியர் பெரும்பாலும் வானத்தை எடுப்பதில்லை. வானத்தைப் பற்றிய ஆவணத்தை எடுக்கிறார். அட்டவணை, வரைபடம், ஒளிப்படம், சாதகக் கட்டம். எந்த ஆவணம், அதில் எது விடப்பட்டது, எது வைக்கப்பட்டது என்பதே முதல் கேள்வியாக இருக்கவேண்டும்.

எதிர்வாதம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. அரூப ஓவியத்தின் தோற்றத்தில் ஆன்மிகம் இருக்கிறது என்பது உண்மை. காண்டின்ஸ்கி தம் கலைக்கோட்பாட்டு நூலில் பிளாவட்ஸ்கியையும் பிரம்மஞான சபையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். ஹில்மா ஆஃப் கிளின்ட் ஆவியுலகத் தொடர்பில் நம்பிக்கை கொண்டிருந்தவர். ஆனால் இந்த உண்மை எதிர்வாதத்திற்கு உதவுவதில்லை. பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 முதல் அடையாறில் இருக்கிறது. எண்ணங்களுக்கு நிறமும் உருவமும் உண்டு என்று கூறிய அன்னி பெசன்ட் - லெட்பீட்டர் நூல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. அப்படியானால் ‘காஸ்மிக்’ என்னும் சொற்களஞ்சியம் காலங்காலமாக இந்திய மண்ணில் ஊறிவந்த ஞானமன்று. தேதியும் முகவரியும் அச்சகமும் உள்ள ஒரு சொற்களஞ்சியம் அது. ஐரோப்பா சென்று, அங்கே ஓவியமாகி, 1960களின் பிற்பாதியில் தாந்திரிகக் கலை பற்றிய பதிப்புகளோடு திரும்பிவந்து, பிரேன் டே, ஜி.ஆர். சந்தோஷ், கே.வி. ஹரிதாசன் போன்றோரை ‘நவதாந்திரிகர்’ என்னும் ஒரே கூடையில் போட்டது. அடையாறிலிருந்து ஈஞ்சம்பாக்கத்திற்குக் கடற்கரை வழியே சில கிலோமீட்டர்தான். அந்தச் சொற்களஞ்சியமோ உலகைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. வந்த வழியை எழுதுவது ஆய்வு. வந்ததை மரபு என்று வணங்குவது ஆய்வாகாது.

ஓவியரே ‘பிரபஞ்சம்’ என்று சொல்லியிருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். ஓவியரின் கூற்று ஒரு சான்று; மதிக்கத்தக்க சான்று. ஆனால் எந்த மொழியியலாளரும் பேசுபவர் தம் மொழியைப் பற்றிச் சொல்வதை அம்மொழியின் இலக்கணமாக ஏற்பதில்லை. கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு பேச்சை ஆராய்கிறார். ஓவியம் அந்தப் பேச்சு.

இன்னொரு பக்கமும் உண்டு. கேரளப் பள்ளியின் பெயரைக் கேட்டவுடன் ‘நம் முன்னோர்’ என்று நெஞ்சு நிமிர்த்தும் எழுத்து. மாதவன் கண்ட முடிவிலித் தொடர்கள் ஐரோப்பாவில் கிரிகரிக்கும் லைப்னிட்சுக்கும் ஏறத்தாழ 250 ஆண்டுகள் முந்தியவை என்பது வரலாறு. பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்த அறிவு இல்லங்களிலும் கோயில் சார்ந்த சில குடிகளிலும் சுழன்றது, எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. அதனால்தான் ஜ்யேஷ்டதேவன் 16ஆம் நூற்றாண்டில் ‘யுக்திபாஷை’யை மலையாள உரைநடையில், நிறுவல்களோடு எழுதியது இவ்வளவு வியப்புக்குரியதாகிறது. அதே கரையில் விண்மீனைப் பார்த்துக் கடலில் வழிகண்டவர்கள் இருந்தார்கள். தமிழில் ‘மீன்’ என்ற ஒரே சொல் கடலிலுள்ளதையும் வானிலுள்ளதையும் குறித்தது. சங்கப் பாடல்களில் இரு பொருளும் உண்டு. அவர்களுடைய வானத்திற்கு ஓலைச்சுவடி இல்லை. ‘பிரபஞ்சம்’ என்னும் பெருஞ்சொல் இந்த வேறுபாடுகள் எல்லாவற்றையும் ஒரே நீலத்தில் கரைத்துவிடுகிறது. யாருடைய வானம் என்ற கேள்வி எழாதபடி செய்கிறது. அது அறியாமையால் நேர்வது மட்டுமன்று, வசதியாலும் நேர்வது.

சிக்கலின் வேர் கலைச்சொல்லில் இருக்கிறது. தமிழில் ‘அரூபம்’, மலையாளத்தில் ‘அமூர்த்தம்’. இரண்டும் எதிர்மறை முன்னொட்டில் தொடங்குபவை; உருவமில்லாதது என்பது பொருள். பணிக்கரின் பரப்பில் உருவமில்லையா? நஸ்ரீன் முகமதியின் நுண்கோடுகளில் உருவமில்லையா? உருவத்தைத் தவிர அங்கே வேறென்ன இருக்கிறது? தமிழில் இச்சொல்லுக்குக் கூடுதல் சுமையும் உண்டு. அருவம், உருவம், அருவுருவம் என்பவை சைவ சித்தாந்தத்தில் இறைவனின் நிலைகள். ‘அரூப ஓவியம்’ என்று கேட்கும் மாணவரின் மனம் கோயில் வாசலுக்குச் சென்றுவிடுவதில் வியப்பில்லை. சொல்லே அங்கு அழைத்துச் செல்கிறது.

மூலச்சொல்லான ‘அப்ஸ்ட்ராக்ட்’ லத்தீனில் ‘இழுத்தெடுத்தல்’ என்னும் வினையிலிருந்து வந்தது. ஒவ்வோர் ஆய்வாளரும் கருத்தரங்கிற்கு ஓர் ‘அப்ஸ்ட்ராக்ட்’ அனுப்புகிறார். தமிழில் அதை ‘ஆய்வுச் சுருக்கம்’ என்கிறார்கள். 300 பக்க ஆய்விலிருந்து 300 சொற்களை இழுத்தெடுத்த அந்தத் தாளை யாரும் ‘அரூபத் தாள்’ என்று அழைப்பதில்லை. அதில் பிரபஞ்சத்தைக் காண்பதுமில்லை. எதை விட்டார், எதை வைத்தார் என்று கறாராகக் கேட்கிறார்கள். ஓவியத்திற்கு அந்தக் கறார் ஏன் இல்லை?

தமிழில் ஒரு வினை காத்திருக்கிறது: வடித்தல். சோற்றிலிருந்து கஞ்சி வடிப்பதும் வடித்தல். கல்லிலிருந்து சிலை வடிப்பதும் வடித்தல். வேண்டாததை நீக்குதலும் வடிவம் தருதலும் ஒரே சொல்லில். ‘வடிப்போவியம்’ என்று சொல்லிப் பார்க்கலாம். சொல் பிடிக்காவிட்டால் வேறொன்றை ஆக்கலாம். ஆனால் ‘இல்லாதது’ என்று தொடங்கும் சொல்லை வைத்துக்கொண்டு, இருப்பதைப் பார்க்க மாணவரைப் பழக்க முடியாது.

இவ்வாறு பார்ப்பது உணர்ச்சியைக் கொல்லும், ஓவியத்தைக் கணக்குப் பாடமாக்கும் என்பது கடைசி எதிர்வாதம். உண்மை நேர்மாறானது. ‘பிரபஞ்ச அனுபவம்’ என்பதுதான் மேட்டிமையின் மொழி. அது வாய்க்காத மாணவர் தமக்கு ஏதோ குறை என்று எண்ணி வாய்மூடிக்கொள்கிறார். விவரிப்பு அப்படியன்று. நிறங்களை எண்ண யாராலும் முடியும். எந்தக் கோடு முதலில், எது அதன் மேல் என்று யாரும் கேட்கலாம். அச்சுதன் கூடல்லூர் (1945-2022) பாரதப்புழைக் கரையிலுள்ள கூடல்லூரில் பிறந்து, பொறியாளராகப் பணியாற்றி, சென்னையில் வாழ்ந்த ஓவியர். ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் அவருடைய நிறங்களில் ஆற்றைக் கண்டுவிடுவது எளிது. சிவப்பு எத்தனை அடுக்கு, எந்த விளிம்பில் அது வேறொரு நிறத்திடம் தோற்கிறது என்று கேட்ட பிறகு, அங்கே ஆறு இருக்கிறதா இல்லையா என்று பேசலாம். ஆறு இருந்தால் அது அப்போதும் இருக்கும்.

எனவே ஆய்வேடுகளுக்கான கோரிக்கை எளிமையானது. முதல் இயலின் முதல் பக்கத்தில் ஓவியத்தின் அளவு, ஊடகம், ஆண்டு, இப்போது தொங்கும் இடம் ஆகியவை வரட்டும். அதை நேரில் பார்த்தாரா, அச்சில் பார்த்தாரா என்பதும் வரட்டும். எழுத்து இருந்தால் எத்தனை எழுத்தை வாசிக்க முடிகிறது என்று எண்ணட்டும். வானியல் என்று சொன்னால் எந்த அட்டவணை, எந்தக் கட்டம், யாருடைய மரபு என்று காட்டட்டும். இத்தனையும் செய்து முடித்த பிறகும் ‘பிரபஞ்சம்’ என்ற சொல் தேவைப்பட்டால், அப்போது எழுதட்டும். அது சம்பாதித்த சொல்லாக இருக்கும்.

பணிக்கர் கேரள அரசுக்கு வழங்கிய ஓவியங்கள் திருவனந்தபுரத்தில், அருங்காட்சியக வளாகத்தில், அவர் பெயரிலான கூடத்தில் இருக்கின்றன. பினாலே பார்க்கக் கொச்சிக்கு வந்த மாணவர் வைட்டிலாவிலிருந்தே தெற்கே செல்லும் பேருந்தில் ஏறலாம். ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஏறுவதற்கு முன் அந்தப் பெயர்ப்பலகையை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுச் செல்லட்டும். பரமேச்வரன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தது அதைத்தான்: முன்பே எழுதப்பட்டிருந்ததை நம்பாமல், இருப்பதைப் பார்த்தார், பொருந்தவில்லை என்றால் எழுதியதைத் திருத்தினார்.